சாக்குப் போட்டு மூடிய கம்ப்யூட்டர்

அக்கா,

இன்று காலையில் கொல்லைத் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும்போது உங்கள் நீல ஒயர் கையில் தட்டுப்பட்டது. உங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்து நட்ட குச்சி. பந்தல் காலோடு சேர்த்துக் கட்டக் கயிறு அகப்படாமல் கம்ப்யூட்டர் ஒயரை எடுத்துக் கட்டினீர்கள். கொடி இப்போது என் மணிக்கட்டுப் பருமன். ஒயர் பட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். நீங்கள் எப்போது என் கோணலைப் பார்த்திருக்கிறீர்கள்?

கம்பத்தில் உங்கள் மூத்த மகன் பிரவுசிங் சென்டர் திறந்தபோது என் பேத்தி தேன்மொழி காலேஜில் இரண்டாம் வருஷம். வகுப்பு முடிந்ததும் நேரே அங்கே போய், வருகிறவர்களுக்கு மெயில் திறந்து கொடுத்து, ரிசல்ட் பார்த்துச் சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புவாள். அவள் போகத் தொடங்கிய வாரத்திலேயே தொல்லையும் தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆறு கம்ப்யூட்டரும் வரிசையாகச் செத்துப்போகும். திரை முழுக்க நீலம், அதில் வெள்ளை எழுத்து. பாதி நிரப்பிய விண்ணப்பமெல்லாம் போய்விடும். அணைத்துப் போட்டால் சரியாகும். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடி நீலம்.

உங்கள் மகன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சின்னம்மா, நம்ம பிள்ளதான். ஆனா அவ வந்த பெறகுதான் இது. எதையோ நோண்டுறான்னு கடைக்கு வர்றவுக சொல்றாக. நாளையிலருந்து வர வேணாம்."

"நான் எதையும் தொடவே இல்ல அப்பத்தா" என்று அழுதாள். நான் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை, அக்கா. பெயர் கெட்ட பிள்ளையை யார் கட்டுவார்கள் என்று பயந்தேன். அவள் பஸ் பாஸை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். காலேஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாப்பிள்ளை பார் என்று அவள் அப்பனிடம் சொல்லவிருந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

"ஏத்தா, அவ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனப்பவும் செத்துச்சாமே?"

"அவதான் சொல்றா. யாரு கண்டா?"

"போன வருசம் நம்ம ஓடைப்பட்டிக் கொடியில எலையெல்லாம் விசிறி மாதிரி சுருங்கிப்போச்சே, தோட்டத்துக்குள்ள ஒரு காலடி இருந்துச்சா? பக்கத்து நெல்லு வயல்ல களைக்கொல்லி அடிச்சான், காத்துல வந்துச்சு. ஒரு கொடிய மட்டும் சாக்கப் போட்டு மூடிவச்சுத்தான கண்டுபிடிச்சேன்."

"கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா காத்து?"

"எனக்கென்ன தெரியும்? ஒரே ஒரு சாயங்காலம் பொறு. அதுக்கப்பறம் ஒம் பேத்திய ஒரலுல போட்டு இடி."

மறுநாள் நாலரை மணிக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, உண்மையாகவே ஒரு கோணிச் சாக்கோடு கடைக்கு வந்தீர்கள். உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினீர்கள். கடைசிக் கம்ப்யூட்டரைத் தலையோடு காலாகச் சாக்கால் மூடினீர்கள். உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, மானம் போகுது! இதென்ன திராட்சக் கொலையா?"

மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த தேன்மொழி அதைக் கேட்டுத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நன்னிமா, இதுக்குக் காத்து ஒயர்லதான் வரும்" என்று, உங்கள் பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சாக்கை எடுத்துவிட்டுப் பின்னால் செருகியிருந்த நீல ஒயரைப் பிடுங்கினாள். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கை இரண்டையும் உங்கள் மடியில் பிடித்துக்கொண்டீர்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

ஐந்து மணி. முதல் திரை நீலமானது. "ஒண்ணு" என்றீர்கள். அடுத்தது. "ரெண்டு." ஐந்து வரை எண்ணினீர்கள். ஒயர் பிடுங்கிய ஆறாவது மட்டும் அப்படியே உயிரோடு இருந்தது.

நீங்கள் அவள் கைகளைத் தூக்கி மகனிடம் காட்டினீர்கள். "இந்தா, நல்லாப் பாத்துக்க. ரெண்டும் எங்கிட்டத்தான் இருக்கு."

ஒயர்களெல்லாம் சேரும் பெட்டியிலிருந்து ஒன்று மட்டும் மச்சு ஓட்டை வழியாக மாடிக்குப் போனது. மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ், இரண்டுக்கும் ஒரே இணைப்பு. கிளாஸ் வாத்தியார் இறங்கி வந்தார். தூரத்திலிருந்தே ஒரு கம்ப்யூட்டரை இப்படி விழத்தட்டலாம் என்று அவள் வந்த வாரம்தான் தொடங்கிய ஐந்து மணி வகுப்புக்குத் தினமும் செய்து காட்டுவாராம். மேலே இருப்பது மட்டும்தான் விழுகிறது என்று நினைத்தாராம்.

"ஏன் வாத்தியாரே, மருந்தடிக்கிறவுக காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க மாட்டாகளா?" என்று கேட்டீர்கள்.

தேன்மொழி எனக்குப் பிறகு விளங்கச் சொன்னாள். சேதி துண்டு துண்டாகத்தான் வருமாம். சேர்த்து அடுக்குவது கம்ப்யூட்டரின் வேலை. ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளை வேண்டுமென்றே அனுப்பினால், அடுக்கத் தெரியாமல் விழுந்துவிடுமாம். அவள் ஓட்டை என்று சொல்லும் அந்தக் குறையை அடைக்க, கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியே வழி பண்ணியிருக்கிறது, எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை. அவள் தேடி எடுத்து ஆறிலும் போட்டாள். மறுநாள் ஐந்து மணி வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது பெங்களூரில் அவளுக்கு அதுவே வேலை. இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கெட்டவர்கள் பார்ப்பதற்கு முன்னால் இவள் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறேன், அவர்கள் கேட்காவிட்டாலும். ஆனால் அன்றைக்குப் பஸ் பாஸை அரிசித் தவிடு தட்டித் திருப்பிக் கொடுத்தபோது, தப்பு என்மேல்தான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கண்ணை மூடி இரண்டு ரம்ஜான் நோன்பு கழிந்துவிட்டது.

இன்று ஒயரைப் பார்த்ததும் போன் போட்டேன். "அன்னைக்கு ஒன்னைய நான் நம்பலத்தா" என்றேன்.

"தெரியும் அப்பத்தா. கையப் புடிச்சு உக்காந்திருந்தப்பவே நன்னிமா காதுல சொன்னாக. 'ஒங்க அப்பத்தாளக் கோவிச்சுக்காத, பயந்துபோயிக் கெடக்கா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஒண்ணும் நடக்கலேன்னாலும் நீ எங்கூட வந்துரு, நான் படிக்க வைக்கிறேன்'னு."

நான் வாசற்படியில் நின்று நீலத் திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், அக்கா. உங்களுக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

ஒயரை அவிழ்த்தேன். பட்டையில் தடம் விழுந்திருக்கிறது. அதே ஒயரால், விரல் நுழைகிற அளவு தளர்த்தித் திரும்பக் கட்டியிருக்கிறேன்.