கம்பத்தில் ஒட்டிய பெயர்

பிப்ரவரி 9
பெயர் மாற்ற உத்தரவு வந்துவிட்டது. இனி நான் ஃபனூரிஸ் ராப்திஸ். ராப்திஸ் என்றால் கிரேக்கத்தில் தையல்காரர். நேற்று வரை ஜெலாதிஸ், அதாவது தலை வெட்டுகிறவன். எந்தப் பாட்டன் எவனுக்காகச் செய்த வேலையோ, பள்ளியில் பையன்கள் என்னைக் கண்டாலே கழுத்தைப் பொத்திக்கொள்வார்கள்.

நாஃப்பிலியோவுக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "ஊசில நூல் கோக்கத் தெரியாது. உனக்குத் தையக்காரன்னு பேரா?" போனை வைத்துவிட்டார்.

மார்ச் 21
மிர்சினி வீட்டில் மதியச் சாப்பாடு. எனக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசியாயிற்று. அவள் அம்மா கலியோப்பி அத்தைக்கு என் பெயர் பிடித்திருக்கிறது. "நாங்க மிலோனாஸ், மாவு அரைச்சவங்க. நீங்க தச்சவங்க. சுத்தமான கைங்க, மாப்ள." அந்த வீட்டில் யாரும் ஒரு பிடி மாவு அரைத்ததில்லை, இன்சூரன்ஸ் விற்கிறார்கள்.

"அப்பா இருக்காரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 2
அக்கா எவ்தோக்கியா அப்பாவை இங்கே, பாத்ராவுக்கே, கூட்டி வந்துவிட்டாள். நுரையீரல் முடிந்துவிட்டதாம். அக்கா வீடு மிர்சினி வீட்டிலிருந்து இரண்டே தெரு.

ஏப்ரல் 17
போனேன். அப்பா அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, தையக்காரரு அளவெடுக்க வந்திருக்காரா?"
பிறகு இருமிக்கொண்டே இருந்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மே 6
அப்பா போய்விட்டார்.

மரண அறிவிப்பு அச்சுக்குப் போக வேண்டும். தெருக் கம்பங்களிலெல்லாம் ஒட்டுவார்கள். கீழே பிள்ளைகளின் பெயர் இருக்கும். அக்கா பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "உன்ன ஜெலாதிஸ்னு போடவா, ராப்திஸ்னு போடவா?"

எப்படிப் போட்டாலும் ஃபனூரிஸ் என்று இருக்கும். அத்தை வீட்டு வாசலிலும் ஒரு கம்பம் உண்டு.

"என்னை விட்டுடுக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ பெட்டிய யாருடா தூக்குறது?" என்றாள்.

மே 7
ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டிய அறிவிப்பைக் கலியோப்பி அத்தை கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "ஜெலாதிஸாம். என்ன பேரோ. பாவம், ஒரே பொண்ணு போல, தூக்கிப் போடப் பையன் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சவரா, மாப்ள?"

"இல்ல அத்தை."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். ரொட்டிப் பையை வாங்கிக்கொண்டு அவரோடு வீட்டுக்கு நடந்தேன்.

சாப்பிடும்போது கோயில் மணி, விட்டு விட்டு அடித்தது. அப்பாவை அடக்கத்துக்கு எடுக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றார் அத்தை. தட்டை நீட்டினேன்.