பதினோரு சொட்டு மருந்து

பிப்ரவரி 3
சொல்வது நான், ஒபியேரோ. எழுதுவது மருமகள் அபோண்டி. எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி அகேயோவின் கண் அன்றாடம் எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்க நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்தாள். இல்லாவிட்டால் மறந்துவிடுவேனாம். மூன்று வருடத்தில் பதினோரு சொட்டு மருந்து. எதை எந்தச் சந்தை நாளில் வாங்கினேன், எது எத்தனை நாள் கேட்டது, எல்லாம் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.
இன்று: சிவப்பு, அரிப்பு, வெயில் கூசி முகத்தின்மேல் துணி.

பிப்ரவரி 6
அதே.

பிப்ரவரி 9
தூசி ஆகாது என்றார்கள், முற்றத்தில் தண்ணீர் தெளித்தேன். பூனை ஆகாது என்றார்கள், துரத்தினேன். புகை ஆகாது என்றார்கள், மீன் சுடுவதை விட்டோம். இனி துரத்த நான்தான் பாக்கி.

பிப்ரவரி 14
பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாது என்று நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். "டாக்டர் சீட்டு இருக்கா, பெரியவரே?" என்கிறாள் ஆசிரியை. சீட்டு! இப்படியே தேய்த்துக்கொண்டிருந்தால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகும் என்கிறார்கள். ஆசிரியைக்கோ சீட்டு வேண்டும்.

பிப்ரவரி 20
கிசுமு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிய டாக்டர், சின்னப் பெண். கண்ணைப் பார்த்தாள், பிறகு மலம் எடுத்து வரச் சொன்னாள்.
"அம்மா, வியாதி மேல இருக்கு. நீ கீழ தேடுற" என்றேன்.
சிரிக்கவில்லை. பரிசோதனையில் வயிறு நிறையப் புழு. உள்ளே புழு இருந்தால் சில பிள்ளைகளுக்குக் கண் அலர்ஜி எந்த மருந்துக்கும் அடங்காதாம். குழந்தை மண் தின்னுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அபோண்டி தரையைப் பார்த்தாள்.

பிப்ரவரி 21
இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.
மாசமான பெண்ணுக்குப் புற்றுமண் கொடுப்பது எங்கள் வழக்கம், ரத்தம் ஊறும் என்று. மூன்று வருடத்துக்கு முன் இவள் மறுபடி மாசமானபோது, பெருமழை முடிந்த சனிக்கிழமை, அகேயோவைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையான் புற்றை உடைத்து வந்தது நான். அவள் கிள்ளித் தின்றாள். பெண் பிள்ளைதானே, ருசி தெரிகிறது என்று சிரித்தேன். அந்தப் புற்றுக்குப் பின்னால்தான் ஊர்ப் பிள்ளைகள் வெளிக்குப் போகிறார்கள். முதல் சொட்டு மருந்து அதற்குப் பிறகு.
"இன்னும் திங்கிறா மாமா. நானும்தான் திங்கிறேன். எந்த வாயால அவளைத் தடுக்கிறது?"
இவளைத் திட்ட எனக்கு எந்த வாய்?

மார்ச் 2
பூச்சி மாத்திரை வீட்டில் எல்லோருக்கும். எனக்குக்கூட. அபோண்டி கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த புற்றுமண்ணை வெளியே கொட்டினேன். அகேயோ அழுதாள். கண் அதே சிவப்பு. பொறு என்கிறாள் டாக்டர். பொறுக்கிற வயதா எனக்கு?

மார்ச் 14
அரிப்பு கொஞ்சம் மட்டு. சீட்டோடு பள்ளியில் விட்டேன்.

மார்ச் 27
சொட்டு மருந்து ஒன்று மட்டும் தொடர்கிறது.
ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டாள். அகேயோ உச்சி வெயிலில் பள்ளி மாமரத்தில் கல்லெறிந்து ஏழு காய் வீழ்த்தினாளாம். கண்டித்து வைக்கச் சொன்னாள்.
"எந்தக் கிளை?" என்று கேட்டேன்.
"உச்சிக் கிளை."
எத்தனை கல் என்று கேட்டேன். முறைத்தாள். ஏழே கல்தானாம்.
கண்டிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.