பதினான்காம் மரத்தின் பழம்

ஓகஸ்ட் 7, வியாழன்

மழை. விட்டு விட்டு. நாள் முழுக்க இதே.

பின்வளவில் பதினான்காம் மரம் மொட்டு விட்டிருக்கிறது. நுனியில் இளஞ்சிவப்பு. மற்ற ஏப்ரிகொட் கன்றுகள் விறகுபோல் நிற்கின்றன. ஓக்லாண்டின் குளிர்காலத்தை அவை குளிர்காலமாகவே மதிப்பதில்லை. குறைந்த குளிரிலும் பூக்கட்டும் என்று வருடக்கணக்காகக் கலந்து கலந்து எடுத்ததில் தேறியது இந்தப் பதினான்காம் கன்று ஒன்றுதான்.

ஈஸ்ட் டாமாக்கியில் இன்றும் குளிர்கிடங்கு வேலை. உறைந்த பட்டாணிப் பெட்டிகளில் லேபல் சரியா என்று பார்ப்பது. தாவர இனவிருத்தியில் கலாநிதிப் பட்டம் பெற்றவன் பார்க்கும் வேலை. நான் ஒரு நாளில் வாங்கும் குளிரை அந்தக் கன்றுகளுக்குக் கொடுத்தால் வளவு முழுக்கப் பூக்கும்.

செய்ய வேண்டியவை:
– நத்தை மருந்து
– வெங்காய வலைப்பைகளை எறிய வேண்டாம் என்று மனைவி வசந்தியிடம் சொல்ல
– வீட்டுக்காரனுக்குப் பதில். (எழுதப் போவதில்லை.)

ஜனவரியோடு வாடகை வீட்டை விட வேண்டுமாம். இடித்து, வளவைத் துண்டாக்கி, டவுன்ஹவுஸ் கட்டப் போகிறான். மரம் என்னாகும் என்று கேட்டேன். "விச் ட்ரீ?" என்றான்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காலையில் வெயில், பிறகு சாரல். எங்கள் லின்ஃபீல்டின் வழக்கம்.

பதினான்காம் மரம் இரண்டு வருடமாகப் பூத்தும் காய்க்கவில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத சாதி. அதே நேரத்தில் பூக்கும் வேறொரு மரம் வேண்டும். இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. எப்சத்தில், சிவநேசன் வீட்டுப் பின்பக்கம். இனி சி. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.

ஒரே வகுப்பு. ஒரே ஆய்வு நிலையம். ஒரே சாப்பாட்டு மேசை; புதுப் பழங்களை ருசி பார்த்ததும் அதில்தான். எங்கள் ஏப்ரிகொட் பிரிவை வைத்திருப்பதா மூடுவதா என்ற கூட்டத்தில், பக்கத்தில் நான் இருக்க, சி. சொன்னான்: ஓக்லாண்டில் ஏப்ரிகொட்டுக்கு எதிர்காலம் இல்லை. பிரிவு மூடப்பட்டது. அவன் கிவிப்பழத்துக்குப் போனான். நான் வீட்டுக்கு வந்தேன். அவன் வீட்டு மரமும் நான் ஒட்டிக் கொடுத்ததே. நல்ல நாட்களில்.

வசந்தி: "ஒரு போன் எடுத்தா வாய் தேஞ்சு போகுமோ?"

"தேயாது. எடுக்க மாட்டன்."

"அப்ப மரத்தை வைச்சுப் பாத்துக்கொண்டிருங்கோ."

ஒட்டுக்குச்சி வெட்டிச் சட்டிக் கன்றொன்றில் ஒட்டி எடுத்துப் போகலாம்தான். அது வளர்ந்து காய்க்க இன்னும் சில வருடம். ருசி தெரியாத மரத்தைச் சுமந்துகொண்டு வாடகை வீடு வாடகை வீடாகத் திரிய என்னால் முடியாது. இந்த டிசம்பரில் ஒரு பழம். ஒன்று போதும். இது புது இனமா, பூக்கும் விறகா என்று இடிக்கிறவன் வருமுன் தெரிய வேண்டும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

குளிர்காற்று. கோயிலுக்கு வசந்தி மட்டும். எனக்கு அங்கே வேலை இல்லை. சி. வருவான்.

திரும்பி வந்தவள் பாண் பையொன்றைக் குசினி மேசையில் வைத்தாள். மேலே கறிவேப்பிலை. அடியில் ஈரப் பேப்பரில் சுற்றிய ஒரு கொப்பு. பூவும் மொட்டுமாக.

"சிவநேசன்ர மனிசி தந்தவ."

"நீர் ஏன் கேட்டனீர்?"

"நேற்று போனில கறிவேப்பிலை கேக்கேக்க அதையும் கேட்டனான். ஏன், குற்றமோ?"

"அவன் என்ன சொன்னவனாம்?"

"ஒண்டும் சொல்லேல்லையாம். தானே ஏணி வைச்சு ஏறி வெட்டினவராம்."

வெட்டைப் பார்த்தேன். மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக, ஒரே இழுப்பில். கோணலாக வெட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நன்றி சொல்லி மெசேஜ் போடச் சொன்னாள். போடவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

மகரந்தப் பைகளைக் கிள்ளி, பேப்பரில் பரப்பி, ஃப்ரிட்ஜின் தலையில் காய வைத்தேன். மாலையில் வெடித்து மஞ்சள் தூளாகக் கிடந்தது. வசந்தியின் பழைய குங்குமச் சிமிழில் அடைத்தேன். மகள் வெலிங்டனிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு: "டாட், ஜஸ்ட் பை சம் ஏப்ரிகொட்ஸ்." கடையில் வாங்கட்டாம்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

சுகயீன விடுப்பு. சுகத்துக்குக் குறைவில்லை.

மழை வராத நேரமெல்லாம் ஏணியில். விரியாத மொட்டாகப் பார்த்து, நகத்தால் இதழையும் கேசரத்தையும் சுற்றி உரித்து எடுத்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் விட்டு, சுண்டு விரலால் தூளைத் தொட்டு வைப்பது. இதழ் இல்லாத பூவுக்குத் தேனீ வராது. வேறு மகரந்தம் கலக்காது.

வசந்தி ஜன்னலால்: "உதென்ன, கோழிக்குச் செட்டை புடுங்கிற மாதிரி?"

"அதுதான் முறை."

"பூவை மொட்டையடிச்சுப்போட்டு முறையாம். சும்மா தொட்டு வைச்சா வராதோ?"

வரும். காய் மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும். ஆனால் முறையை விட்டுவிட்டால் பட்டாணிப் பெட்டி பார்ப்பவன் மட்டும்தான் மிஞ்சுவான்.

கீழ்க் கொப்புகளும் வேலிப்பக்கமும் முடிந்தன. மேலே எட்டவில்லை. அவற்றைத் தேனீக்களுக்கு விட்டேன். சி.யின் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு மரத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வசந்திக்குக் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கிறதாம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

உரிக்காமல் விட்ட மொட்டெல்லாம் விரிந்துவிட்டது. முழு வெள்ளை. பக்கத்து வளவுகளிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். தேனீ ஒன்றும் இல்லை. மழைக்குப் பயந்த சோம்பேறிகள்.

தூக்கம் சரியில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

வேலையால் வந்தால் மரம் வழித்துத் துடைத்தது போல. வெள்ளையே இல்லை.

காற்றா? கீழே ஒரு இதழ் கிடையாது. பிறகு வேலிக்கு மேலால் பார்த்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, மலேசியாக்காரி, வாசலில் நின்றாள். உள்ளே அம்மன் படத்தைச் சுற்றி என் பூ.

"தம்பி! ஒங்க பூவுதான், பாருங்க. கடைசி ஆடி வெள்ளி லா. கடையில பூ விக்கிற வெலைக்கு வாங்க முடியுமா? காலையில நீங்க கெளம்பிட்டீங்க, கூப்பிட்டுப் பார்த்தேன். மேல இருந்த கொப்பெல்லாம் கொக்கிக் கம்பால வளைச்சுப் பறிச்சேன்."

"யாரைக் கேட்டுப் பறிச்சனீங்கள்?"

"சாமிக்குத்தானே?"

அதன் பிறகு நான் சொன்னதை எழுத மாட்டேன். சாமியையும் சேர்த்துச் சொன்னேன். வசந்தி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அக்கா அழுததாகச் சொன்னாள். அழட்டும்.

சி. சொன்னது பலித்துவிட்டது. எதிர்காலம் இல்லை.

ஓகஸ்ட் 16, சனி

வெயில். இவ்வளவு நாளும் எங்கே போயிருந்ததோ.

போத்தலை அவிழ்க்க ஏணி வைத்தேன். ஏறியவன் இறங்கவில்லை.

நான் உரித்தவை அப்படியே இருக்கின்றன. கீழ்க் கொப்பு, வேலிப்பக்கம், அநேகமாக எல்லாம். சில பூக்களில் தண்டின் அடி பச்சையாகத் திரண்டு நிற்கிறது.

லெட்சுமி அக்கா வேலிக்கு மேலால் தூக்குச்சட்டியை நீட்டினாள். ஆடிக்கூழ். முகம் வீங்கியிருந்தது.

"நேத்து கோவமா பேசிட்டீங்க. நான் மனசுல வெச்சுக்கல."

"இதையெல்லாம் ஏன் விட்டனீங்கள்?" கொப்பைக் காட்டினேன்.

"ஐயோ, அது மொட்டை லா! எதழே இல்ல. அதப் போயி அம்மனுக்கு வெப்பாங்களா?"

கூழை வாங்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று வசந்தி சீனி போட்டுக் கொடுத்தாள்.

சும்மா தொட்டு வைத்திருந்தால் எல்லாம் அம்மன் காலடியில் கிடந்திருக்கும். வசந்தியிடம் சொன்னேன். "ஓம், இனி இதை ஆயுசுக்கும் சொல்லுவியள்" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

புயற்காற்று. பாதிக் காய் தரையில். மீதிக்கு வெங்காயப் பை கட்டினேன். கைவிரலுக்குள் அடங்கும் எண்ணிக்கை.

இரண்டு வீடு பார்த்தோம். ஒன்றில் வளவே இல்லை. மற்றதில் வளவு முழுக்கக் கொங்கிரீட்.

டிசம்பர் 14, ஞாயிறு

புழுக்கம். மூன்று பழம். நான்காவதைப் பையோடு சேர்த்துக் குருவி தின்றுவிட்டது.

முதல் பழம் சாமிக்கு என்றாள் லெட்சுமி அக்கா. சாமி பூவிலேயே தன் பங்கை எடுத்தாயிற்று என்றேன். சிரித்தாள்.

ஒன்றை வெட்டினேன். சதை கொட்டையை விட்டுச் சுத்தமாகக் கழன்றது. இனிப்பு. தோலுக்குக் கிட்ட ஒரு புளிப்பு, அது போன பிறகு வாசம். அல்லது எனக்கு அப்படி. இத்தனை வருடம் காத்திருந்த நாக்கு பொய் சொல்லும்.

வசந்தி: "நல்லாத்தான் இருக்கு." எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வாள். விமானச் சாப்பாட்டையும் சொன்னாள்.

ஏப்ரிகொட்டில் நான் நம்பும் நாக்கு இந்த ஊரில் ஒன்றுதான்.

மூன்று மணிக்கு எப்சம். காரை அவன் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தி, திரும்ப நடந்தேன். கையில் ஒரு பழம். கதவைத் திறந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா" என்றான். போகவில்லை. வாசலிலேயே நீட்டினேன்.

"பதினான்கோ?"

தலையாட்டினேன். மணந்து பார்த்தான். கடித்தான். மெதுவாகத்தான் தின்றான், அந்த நாட்களில் நிலைய மேசையில் ருசி பார்த்ததுபோல. கண்ணை மூடவும் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை.

"தோல்ல புளிக்குதடா."

"தெரியும்."

கொட்டையைத் துப்பவில்லை. விரலால் எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் போட்டான். நான் திரும்பினேன். படி இறங்கிவிட்டேன்.

"மச்சான். இன்னொண்டு இருக்கோ?"

காரில் இருந்தது. கேற்றடிக்குப் போய், அவனே நடந்து வரட்டும் என்று நின்றேன்.