எந்த அட்டையும் விழவில்லை

காலையில் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். உறையைப் பிரித்ததுமே அந்த வாசனை. பெண் யார், பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்பே என் கை அதைத் திருப்பிப் பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் வண்ணப்படம் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் நாம் வேலை பார்த்திருந்தால் எழுத இடம் கிடைக்காமல் திண்டாடியிருப்போம். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ இருந்தவரை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு கல்லூரியின் பின்கட்டு அறையில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆராய்ச்சித் திட்டம் என்று பெரிய பெயர். ஆட்கள் என்னவோ இரண்டு பெண்கள்தான். காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களுக்குப் போய் விவசாயிகளுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிவர வேண்டும். பிறகு யார் வந்து எதைக் கேட்டாலும் அதிலிருந்து தேடி எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பின்னாளில் இதையே பெரிய பெரிய பெயர்களில் செய்தார்கள், நானும் செய்தேன். அன்றைக்கு நம் இயந்திரம் ஸ்வெட்டர் பின்னும் ஓர் ஊசி.

ஒவ்வொரு அட்டையின் மேல் ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒன்று நெல்லுக்கு, ஒன்று வாழைக்கு, ஒன்று நோய்க்கு, ஒன்று மருந்துக்கு. வாழையைப் பற்றிய அட்டை என்றால் அந்தத் துளையை ஓரம்வரை கத்தரித்துத் திறந்துவிடுவோம். யாராவது வாழை பற்றிக் கேட்டால் அட்டைக் கட்டை நிமிர்த்தி, வாழைத் துளையில் ஊசியைச் செருகித் தூக்குவோம். மற்றவை ஊசியில் தொங்கும். திறந்த துளை உள்ளவை மட்டும் மேசைமேல் விழும். முதல் தடவை அட்டைகள் பொலபொலவென்று விழுந்தபோது நீ கை தட்டினாய். கல்லூரி அட்டை வாங்கித் தராது என்று தெரிந்தபோது, கல்யாணம் முடிந்த வீடுகளில் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, வெட்டிச் சமமாக்கி, பின்பக்கத்தில் எழுதலாம் என்றதும் நீதான். "ஊர்ல கல்யாணம் நடக்கற வரைக்கும் நமக்கு அட்டைப் பஞ்சம் இல்லடி" என்றாய். அதனால் நம் அறையில் எப்போதும் மஞ்சள் மணக்கும்.

அதே பத்திரிகைதான் என்னை மாட்டிவிட்டது. திருவானைக்காவலிலிருந்து நடேசன் என்ற வாழைத்தோட்டக்காரர் வந்தார். வாடல் நோய் வந்து தோட்டம் அழிந்து, ஒரு வருஷம் நெல் போட்டிருக்கிறார். அந்த நிலத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்கலாமா என்று கேட்டார். ஊசியைத் தூக்கினேன். ஓர் அட்டை விழுந்தது: வாடல் வந்த நிலத்தில் ஒரு போகம் நெல் போட்டு, பிறகு ரஸ்தாளி வைத்தோம், நன்றாக வந்தது. ஊர் திருவானைக்காவல். "அட, நம்ம ஊருலயேவா? அப்ப நம்ம மண்ணுக்கும் வரும்" என்று சந்தோஷமாகப் போனார்.

மாதங்கள் கழித்து வந்தவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "ஏம்மா, உங்க பெட்டி சொன்னுச்சுன்னுதானே வச்சேன்? பாதித் தோப்பு வாடி நிக்குது."

நீ அந்த அட்டையை எடுத்துப் படித்தாய். திருப்பினாய். முன்பக்கத்தில் அச்சடித்திருந்தது: முகூர்த்தம் நடக்கும் இடம், திருவானைக்காவல். அந்த அனுபவத்தைச் சொன்னவரோ கொள்ளிடத்துக்கு அக்கரையில் படுகை நிலத்துக்காரர். வருஷா வருஷம் வெள்ளம் ஏறி வாரக்கணக்கில் நின்று நோயை அடக்கிவிடும் மண் அவருடையது. ஊரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த நான், ஒரே மூச்சில் நாற்பது அட்டை நிரப்பும்போது கல்யாண மண்டபத்தின் ஊரைப் பார்த்து எழுதிவிட்டிருக்கிறேன். "கல்யாணம் நடந்த எடத்துல வாழைய நட்டு வச்சிருக்கடி" என்று சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாய். "கிளம்பு, அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வருவோம்."

பஸ்ஸில் நான் அழுதேன். நடேசன் வீட்டில் நம்மை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் பூவன வச்சிட்டுப் போயிருப்பேனேம்மா" என்றார். அன்றிலிருந்து நீ ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். யார் சொன்னது, எந்த மண்ணில் கண்டது என்று இரண்டையும் நேரில் சரிபார்க்காத அட்டை கட்டுக்குள் போகக் கூடாது. அட்டை விழாவிட்டால் தெரியாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதை நம் துறைத் தலைவர் ரசிக்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு ஓர் ஆராய்ச்சித் திட்டம் எதற்கு என்று கேட்டார்.

இனிதான் நான் சொல்லாதது. திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று பார்க்க டெல்லியிலிருந்து அதிகாரி வருவதற்கு முதல் நாள், நீ ஊருக்குள் போயிருந்தபோது, தலைவர் என்னைக் கூப்பிட்டார். வாடல் நோய்க்கு மருந்து என்ன என்று அதிகாரி கேட்பார், அதற்கு ஓர் அட்டை வேண்டும் என்றார். யாரும் அப்படி ஒன்று சொல்லவில்லையே என்றேன். "யாராவது ஒரு விவசாயி பேரைப் போடும்மா. உங்க ரெண்டு பேர் வேலையும் இதுலதான் இருக்கு." எனக்குப் பயம். வேறு காரணம் சொல்ல எதுவும் இல்லை, பயம்தான். எழுதினேன். வேப்பம் புண்ணாக்கு, சுண்ணாம்பு என்று நம்பும்படியாக ஏதோ ஒன்றைக் கலந்து, இல்லாத ஒருவருக்குப் பெயர் வைத்து, நோய்த் துளையையும் மருந்துத் துளையையும் திறந்து, கட்டின் நடுவில் செருகினேன்.

மறுநாள் அதிகாரி கேட்டார், எதிர்பார்த்த அதே கேள்வி. ஊசியை நீ பிடித்திருந்தாய், வாடல் அட்டைகளின் மருந்துத் துளையில் செருகினாய். தூக்கினாய். எந்த அட்டையும் விழவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "ஒட்டிக்கிட்டிருக்கும். இன்னொரு தடவை தூக்கும்மா."

"ஒட்டலைங்க சார்" என்றாய். "இதுக்கு மருந்து எங்களுக்குத் தெரியாது. நாங்க கேட்ட யாருக்குமே தெரியல. தெரிஞ்சதும் எழுதி வைக்கறோம்."

அதிகாரி தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார். திட்டம் நின்றுபோகவில்லை, உன்னை மட்டும் அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அடங்காதவள் என்று பேர். எல்லோரும் போனபிறகு நான் கட்டு முழுவதையும் புரட்டினேன். அந்த அட்டை இல்லை. நீ கைப்பையைத் தோளில் மாட்டியபோது அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? காலையிலேயே பார்த்து எடுத்திருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்த அடியை நீயே வாங்கிக்கொண்டாய். நான் சுவரோரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணை மேசைக்குப் போய்ச் சேர்ந்தாய். "இங்க தெரியாதுன்னு சொன்னா யாரும் கோச்சுக்கறதில்லடி, நிம்மதியா இருக்கு" என்று மலைக்கோட்டைக் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாய். வளையல் கடையில் பேரம் பேசினோம், ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாகப் பஸ் ஏறினோம். அட்டையைப் பற்றி அன்றைக்கும் நீ கேட்கவில்லை. அதன்பிறகு உன் ஆயுசுக்கும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை என்று உன்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு.

நான் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்க் கம்ப்யூட்டர் படித்து, அதைத் தமிழில் கேட்கவும் பதில் சொல்லவும் வைக்கும் வேலையில் ஆயுசைக் கழித்தேன். எந்த இயந்திரத்தைக் கட்டினாலும் பதிலின் கீழே யார் சொன்னது, எங்கே கண்டது என்று ஒரு வரி வைத்தேன். ஆதாரம் கிடைக்காவிட்டால் 'தெரியாது' என்று திரையில் வரும். சண்டை போடாத வருஷம் இல்லை. தெரியாது என்று சொல்லும் இயந்திரத்தை யார் வாங்குவார் என்று ஒவ்வொரு மேலதிகாரியும் கேட்டார், ஏதோ தானே புதிதாகக் கண்டுபிடித்த கேள்விபோல. என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தெரியாதம்மா' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். பட்டங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அங்கெல்லாம் என்னைத் தூக்கி எறிய யாராலும் முடியாது. பெயர் வாங்கியபிறகு காட்டுகிற துணிச்சல் அது. சுவரோரம் நின்ற கணக்கு தீரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் புது இயந்திரமாம். ஆலோசகர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. கூடம் நிறைய ஆட்கள். நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள் என்றார்கள். வாழை வாடலுக்கு மருந்து கேட்டேன். அழகான தமிழில் கடகடவென்று சொல்லியது: மருந்து, அளவு, அதனால் பயன் பெற்ற ஒரு விவசாயியின் பெயர், ஊர். அங்கிருந்தவர்களைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு மனிதர் எங்கும் இல்லை. என் கையெழுத்தில் இருந்த அந்த அட்டையே திரையில் ஏறி நின்றதுபோல் இருந்தது.

"அது அப்படித்தான் மேடம், ஃப்ளோவா சொல்லும். சோர்ஸ் எல்லாம் பின்னாடி சேத்துக்கலாம். நீங்க ஓகேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் கம்பெனித் தலைவர்.

எண்பதைத் தாண்டியவள் எழுந்து நிற்க நேரமாகும். மெதுவாகவே எழுந்தேன். "இதுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் தெரியல. இத நம்பி ஒருத்தர் தோட்டம் போடுவார்" என்றேன். மைக்கைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. "நானும் ஒருநாள் இப்படி ஒரு பொய்ய எழுதினவதான். பக்கத்துல இருந்தவ அதை எடுத்து வச்சிட்டு, எனக்காக வேலையப் பறிகொடுத்தா" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன்.

மறுநாள் பட்டியலில் என் பெயர் இல்லை. இனிமேல் வரவேண்டாம் என்பதை இந்தக் காலத்தில் மிகவும் மரியாதையாக எழுதுகிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், நன்றாகச் சாப்பிட்டேன், மத்தியானம் தூங்கக்கூடத் தூங்கினேன். அறுபது வருஷமாகச் சுவரோரமே நின்றவள், இப்போதுதான் உன் பக்கத்தில் வந்திருக்கிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுடி.