கத்தரிக்காய் மாடு

இறந்துபோன உங்கள் அம்மா நம் குசினியை விட்டுப் போகமாட்டார் என்று ஆறு வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான், அண்ணை. உங்களுக்குப் பிறகும் இருப்பார் என்றும் சொன்னேன். நீங்கள்தான் காதில் போட்டிருக்கமாட்டீர்கள். இன்று மரக்கறிக்கடையில் ஒரு கத்தரிக்காயை எடுக்க, காம்பு முள் விரலில் ஏறியது. உடனே நீங்கள் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டு, டோக்கியோவில் நாம் வேலை செய்த செருப்புப் பட்டறை ஒழுங்கை. மாலையானால் சனம் துவாயும் வாளியுமாகப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போகும். யூலையில் வாசலுக்கு வாசல் கடதாசி வெளிச்சக்கூடு. சந்தியில் பரண் கட்டி மேளம் அடிக்க, சின்னன் பெரிசு எல்லாம் வட்டமாகச் சுற்றி ஆடும். நான் பரணில் ஏறி அடித்த அடியில் ஐந்நூறு பேர் வாய்பிளந்து நின்றார்கள். ஐம்பது என்பீர்கள், நீங்கள் எண்ணியது ஒரு பக்கத்தை மட்டும்.

அந்த நாட்களில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். குளியல்கூடத்துக்கார அம்மா வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சியால் நாலு கால் வைத்துக் காட்டினார். வெள்ளரிக்காய் குதிரை, வீட்டுக்கு ஓடி வர. கத்தரிக்காய் மாடு, ஆறுதலாகத் திரும்பிப் போக.

இரண்டு வருடம் கழித்து, கனடாவுக்கு வந்து பார்க்டேலில் இருக்கையில், உங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்த கடிதம் ஒன்றரை மாதம் பிந்தி வந்தது. அதுவும் யூலை. கொள்ளிவைக்கப் போகாத மகனோடு அவர் கோபமோ என்று கேட்டுக் கேட்டு, நாலு நாள் தேத்தண்ணியோடு கிடந்தீர்கள். நாலாம் நாள் எழும்பி, யன்னலடியில் குதிரையையும் மாட்டையும் நிறுத்தினீர்கள். நான் வேலையால் வந்த பசியில், வாடப்போகிறதே என்ற நல்லெண்ணத்தில், மாட்டின் காலைப் பிடுங்கிப் பொரித்துவிட்டேன்.

“எங்கையடா மாடு?”

“சட்டிக்கை, அண்ணை.”

நீங்கள் ஏசவில்லை. “அப்ப அம்மா என்னண்டு திரும்பிப் போறது?” என்றீர்கள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அவ போகேல்லை அண்ணை. இப்பதான் குசினிக்கை கேட்டது. ‘தம்பி சாப்பிட்டவனோ?’ எண்டு உங்களைத்தான் கேட்டவ. கோவத்திலை கேட்ட மாதிரித் தெரியேல்லை.”

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு தட்டை எடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஸ்காபரோவில் மூன்று வீடு மாறினோம். மூன்றிலும் குசினியில் அம்மாவுக்கு ஒரு கதிரை. சோற்றில் கைவைக்கமுன் அந்தப் பக்கம் திரும்பி, “ஓம் அம்மா, சாப்பிடுறன்” என்பீர்கள். வந்த விருந்தாளிகள் பயந்தார்கள். நீங்கள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. கதிரையைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சோறு போட்டுக்கொண்டு இருந்தால் முதுகுப் பக்கம் அவர் மெல்லக் கேட்கிறார், தம்பி சாப்பிட்டவனோ என்று. தம்பி இல்லையென்று எப்படிச் சொல்வது? பாதியில் கையைக் கழுவிவிடுகிறேன்.

ஆனால் அண்ணை, அந்த முதல் நாள் எனக்கு எண்ணெய் பொரிந்த சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நான் கட்டிச் சொன்னது.