உன் இரண்டு முழங்கால்கள்

என் செல்லச் சிடுமூஞ்சிக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நீ சாப்பாடு கொண்டுவந்த அன்று, "சும்மா ஒரு போட்டோவுக்குப் படுத்துக்கோ" என்று உன்னைக் கட்டிலில் படுக்கவைத்தேனே. "மூச்சை நிறுத்திக்கட்டுமா?" என்று சிரித்தாய்.

அந்தப் படத்தை, ஆஸ்பத்திரிக்கு அரசுக் காப்பீட்டுப் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் ஒட்டி, மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறும் உன் இரண்டு முழங்கால்களுக்கும் அறுவை சிகிச்சை நடந்ததாக எழுதியது நான்தான்.

நாளை சட்டமன்ற விசாரணைக் குழு உன்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறது. "வீட்டம்மாவைக் கொஞ்சம் நொண்டச் சொல்லுப்பா, போதும்" என்கிறார் ஆஸ்பத்திரி மேலாளர்.

எனக்காக நீ நொண்டுவாய். அதுதான் எனக்குப் பயம்.

நொண்டாதே. மணியடித்ததும் எப்போதும்போல் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வா. கீழே அவர்களோடு நானும் நிற்பேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு.

உன் கால்களை நம்பியிருக்கும்,
உன் வீட்டுக்காரன்