நெல்லுப் பணம் நிற்கிறது என்று வந்த மெயில்

என் அன்பு அப்பா,

கல்லறைத் திருநாளுக்கு உங்களைப் பார்க்க வந்தோம். தூறலில் மெழுகுவர்த்தி நின்று எரியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடக் குறுவை நெல்லையும் காய வைத்துக் காய வைத்துத்தான் கொள்முதல் நிலையத்தில் போட்டோம். எடை போட்டாகிவிட்டது, பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. இப்படிப் பணத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் போன் சிணுங்கினால் சோற்றுக் கையோடு ஓடுவீர்களே.

அப்படிக் காத்திருந்தபோதுதானே அந்த மெயில் வந்தது? பேங்கின் முத்திரையோடு, கணக்கு முடங்கிவிட்டது, வர வேண்டிய தொகை நிற்கிறது, இன்றைக்குள் விவரம் கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டீர்கள். நெல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற யார்தான் கொடுக்கமாட்டார்கள்? பணம் ஏறிய கையோடு துடைத்து எடுத்துவிட்டார்கள்.

எங்களிடம் இன்னும் ஏறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அம்மா கொள்முதல் நிலையத்துக்கே போய்ச் சண்டை போட்டாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களாம். நெஞ்சுவலியில் நீங்கள் போன பிறகு பேங்கில் சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது; உங்கள் போனில் அந்த மெயிலையும் படித்தேன். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா அப்பா? திட்டுவேன் என்றா பயந்தீர்கள்? எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான்.

போன வாரம் அதே மாதிரி மெயில் சித்தப்பாவுக்கு வந்தது. நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கினேன்.

"பேங்க்லேருந்து வந்திருக்கு. நீ எதுக்கு நடுவுல?" என்றார்.

அனுப்பிய முகவரியைத் தொட்டுக் காட்டினேன். பேங்கின் பெயரே இல்லை, என்னவோ கன்னாபின்னாவென்று எழுத்துகள். எந்த பேங்க் மெயிலில் பாஸ்வேர்டு கேட்கும், இன்றைக்குள் என்று மிரட்டும் என்று கேட்டேன். அவர் நம்பவில்லை. முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று இருந்தது.

"ஏன் சித்தப்பா, வருஷா வருஷம் பயிர்க்கடன் வாங்குற பேங்குக்கு உங்க பேரு தெரியாதா?"

அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தார்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் போட்டிருந்தானா?"

ஆமாம் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உங்களைக் கொன்றவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது அப்பா.

கொள்முதல் முடியும்வரை தினமும் அங்கே போகப்போகிறேன். காத்திருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னார் மகள் என்று சொல்லி, உங்களுக்கு நடந்ததைச் சொல்வேன். மானம் போய்விடும் என்று அம்மா அழுகிறாள். போகட்டும். நீங்கள் வெட்கப்பட்டு மறைத்ததை நான் உங்கள் பெயரோடுதான் சொல்வேன்.

உங்கள் சொல் கேட்காத மூத்த மகள்,
ஸ்டெல்லா